பொன்முடி ஓநாயின் கார்த்திகை விரதம்

ஓநாய் ஆவது என்று நாகேஸ்வரன் முடிவெடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை, ஆபீசில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. அந்த வேளையில் அவர் எடுக்கும் முடிவுகள் எல்லாம் பொதுவாகக் குறட்டையில் போய் முடியும். இது மட்டும் முடியவில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் ‘பல்லும் நகமும்’. பல் என்றால் ரத்தக்காட்டேரிகள். நகம் என்றால் ஓநாய் மனிதர்கள். இரண்டு கூட்டத்துக்கும் ஜென்மப் பகை. மூன்று பாகம் வந்து மூன்றும் சக்கைப்போடு போட்டன. மூன்றையும் முதல் நாள் முதல் காட்சி பார்த்தவர் நாகேஸ்வரன். நம்ம ஊர் யட்சி பாவம், பனைமரத்தடியில் நின்று சுண்ணாம்பு கேட்பதோடு சரி. இந்தக் காட்டேரிகளோ கறுப்பு அங்கி பறக்க ஓடுகிற ரயிலின் கூரையில் நின்று வாள் வீசும்! ஓநாய்கள் அந்த ரயிலையே மறிக்கும்! நாகேஸ்வரனுக்கு இடைவேளையில் வாங்கின பழம்பொரி தொண்டையில் இறங்காது. அவ்வளவு படபடப்பு.

நாலாம் பாகத்தைப் பொன்முடியில் எடுக்கப்போகிறார்கள், ஓநாய்க் கூட்டத்துக்கு ஆள் வேண்டும் என்று காதில் விழுந்ததுதான் தாமதம், அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுத் தம்பானூர் லாட்ஜ் ஒன்றில் போய் நின்றார். ஆள் பிடிக்கிற பொறுப்பு லிங்கராஜுக்கு. திருநெல்வேலிக்காரர். பலாப்பழம் வாங்குகிறவர் போல நாகேஸ்வரனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“ஒடம்பு ஓநாய் ஒடம்புதான் சார். மொகந்தான் ஆபீஸ் மொகமா இருக்கு.”

“ஆபீசுல ஓநாய் கிடையாதுன்னு யார் சொன்னா? எங்க மேலதிகாரியை வந்து பாருங்கோ.”

“தாடி வளருமா?”

“வளர்த்தா வளரும்.”

“அப்ப வளருங்க. சொந்தத் தாடின்னா முன்வரிசை. மொகத்துக்கு நேரா கேமரா. ஒரே ஒரு உறுமல். க்ளோசப்! தாடி இல்லேன்னா ரப்பர் மூஞ்சிய மாட்டிக்கிட்டுப் பின்னால நிக்கணும். நிக்கது நீங்களா ஒங்க மச்சினனான்னு ஒங்க வீட்டம்மாவுக்கே தெரியாது.”

க்ளோசப்! நாகேஸ்வரனுக்கு உள்ளங்கால் வரை சிலிர்த்தது. கோப்பில் கையெழுத்துப் போட்டே தேய்ந்த பிறவி. அந்த முகம் ஒரே ஒரு தடவை, தென்னைமர உயரத்துக்குத் திரையில் தெரிந்தால் போதும். வேறொன்றும் வேண்டாம்.

ஆனால் வீட்டில் ஆஷா இருக்கிறாளே!

கரமனை அக்ரஹாரத்தில் அவர்கள் வீட்டுக்குள் நடிப்புக்கு இரட்டைத் தடை உண்டு. ஒரு தடை ஆஷா போட்டது. தெருச் சங்கத்து நாடகத்தில் தசரதனாக வேஷம் கட்டி, ராமா ராமா என்று கதறிச் செத்து, செத்த பிறகு கொசு கடிக்கவே எழுந்து உட்கார்ந்து முதுகு சொறிந்தவர் நாகேஸ்வரன். கோசலை அழுகையை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். “இனி வேஷம் கட்டினா இந்தாத்துல சாதம் கிடையாது” என்று அன்றே ஆஷா சட்டம் இயற்றிவிட்டாள்.

மற்றொரு தடை நாகேஸ்வரன் போட்டது. ஆஷாவோடு காலேஜில் படித்த ஜெஸி சினிமாவில் மேக்கப் போடுகிறவள். தேங்காயெண்ணெய் விளம்பரத்தில் நடிக்க ஆஷாவைக் கேட்டு ஒருநாள் வீட்டுக்கே வந்தாள். “இந்தத் தெருப் பொம்மனாட்டி மூஞ்சியில சாயம் பூசிண்டு நிக்கறதா?” என்று நாகேஸ்வரன் குதித்த குதியில், ஜெஸி பாதிக் காபியோடு எழுந்து போய்விட்டாள். ஆஷா அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாத ஆஷாவைக் கண்டு பயப்பட வேண்டும் என்கிற சிற்றறிவு அவருக்கு இல்லை.

இப்போது தாடிக்கு என்ன காரணம் சொல்வது? காலண்டரைப் பார்த்தார். கார்த்திகை பிறக்கிறது. மூளையில் மின்னல் வெட்டியது. ஐயப்ப விரதம்! மாலை போட்டால் யாரும் சவரம் செய்யச் சொல்லமாட்டார்கள். ஏன் என்று கேட்கவும் மாட்டார்கள். மாறாகக் கும்பிடுவார்கள்! சாலைக் கடைத்தெருவில் ஒரு துளசி மாலையும் கறுப்பு வேட்டியும் வாங்கி, கடைக் கண்ணாடியிலேயே பார்த்து மாலையை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

“இதென்ன கோலம்?” என்றாள் ஆஷா.

“மாலை போட்டுண்டேன்.”

“யாரு போட்டுவிட்டா?”

“நான்தான்.”

“தானே போட்டுக்க இதென்ன சட்டையாக்கும்? குருசாமி கையால போட்டுக்கணும், கேட்டேளா? கல்யாணராமன் மாமா! இங்கே கொஞ்சம் வாங்கோ!”

அடுத்த வீட்டுக் கல்யாணராமன் மாமா எத்தனை தடவை மலை ஏறினார் என்று அவருக்கே நினைவில்லை. வந்தார். மாலையைக் கழற்றச் சொன்னார். சாஸ்தா சன்னிதிக்கு இழுத்துக்கொண்டு போய், சரணம் சொல்ல வைத்து, மந்திரம் சொல்லித் தன் கையால் மறுபடி கழுத்தில் போட்டார். வெறும் வேஷமாகப் போனது நிஜ விரதமாகத் திரும்பி வந்தது.

“இனிமே நீங்க நேக்கு ஆத்துக்காரர் இல்லை” என்றாள் ஆஷா, கைகூப்பி. “சாமி.”

கைகூப்பினவள் அதோடு விட்டாளா? விடியுமுன் கிணற்றுத் தண்ணீர். படுக்கப் பாய். வேட்டியைத் தானே துவைக்க வேண்டும். வெங்காயம் போச்சு. பூண்டு போச்சு. கடைசியில் காபியும் போச்சு.

“காபிக்கு விரதத்துல தடை இல்லையே ஆஷா?”

“சாமிக்குக் காபி எதுக்கு? துளசித் தீர்த்தம் தரேன்.”

“குருசாமி டபராவுல வாங்கிக் குடிக்கறாரே!”

“அவர் பழைய சாமியாக்கும். நீங்க கன்னிசாமி. கோபிச்சுக்காதேங்கோ, விரதம் முறிஞ்சுடும்.”

இந்தக் கடைசி வாக்கியம் இருக்கிறதே, அது பிரம்மாஸ்திரம். பரண் ஒழிக்கச் சொன்னாள். சாமி சரணம். தென்னை ஓலை இழுத்துப் போடச் சொன்னாள். சாமி சரணம். மாமியார் வந்து ஒரு வாரம் தங்கினாள். சாமியே சரணம்! கோபப்பட வழியில்லாத கணவன் எந்த வீட்டில் கிடைப்பான்?

சாயங்காலமானால் குருசாமி வீட்டில் பஜனை. விளக்கு வைத்ததும் போனால் மங்களம் பாடித்தான் எழுந்திருக்க வேண்டும். “மாமா, சாமியை நடுவுல எழுந்து வர விட்டுடாதேங்கோ” என்று ஆஷா வாசலில் நின்று சொல்லி அனுப்பினாள். மாமா விடவில்லை. கையில் ஜால்ரா வேறு கொடுத்தார்.

இத்தனை கஷ்டத்திலும் நாகேஸ்வரன் பூரித்துப்போயிருந்தார். தாடி வந்துவிட்டது! அதுவும் பாதி வெள்ளையாக! போனில் முகம் பார்த்த லிங்கராஜ் துள்ளினார். “கிழட்டு ஓநாய்! டைரக்டர் இப்படித்தான் சார் ஒண்ணைத் தேடிக்கிட்டு இருக்காரு!” உறுமல் பயிற்சிக்கும் நாகேஸ்வரன் வழி கண்டுபிடித்துவிட்டார். கிணற்றடியில் அடிவயிற்றிலிருந்து “சாமியேஏஏஏ” என்று இழுப்பார். பாதி ஓநாய், பாதி சரணம். தெருவே எழுந்து உட்கார்ந்து, ‘என்ன பக்தி, என்ன பக்தி’ என்று கன்னத்தில் போட்டுக்கொண்டது.

இந்தக் குதூகலத்தில் ஆஷாவை அவர் சரியாகக் கவனிக்கவில்லை. அவள் முழங்கையில் ஒரு கன்றல் இருந்தது. கேட்டதற்கு, காஸ் சிலிண்டர் தூக்கினேன் என்றாள். ஒருநாள் கண்ணாடி முன்னால் நின்று கண்ணை உருட்டிக்கொண்டிருந்தாள். தூசி என்றாள். இன்னொரு நாள் கட்டில் மேலிருந்து தொம்மென்று குதித்தாள். கரப்பான் என்றாள். அடிக்கடி தனக்குள் பாடிக்கொண்டாள். புருஷன் விரதமிருந்தால் வீட்டுக்கே ஒரு களை வந்துவிடுகிறது என்று நாகேஸ்வரன் நினைத்துக்கொண்டார்.

படப்பிடிப்பு நாள் வந்தது.

“ஆபீஸ் சாமிமாரோட பொன்முடிப் பக்கம் ஒரு கோவிலுக்குப் போறேன். அன்னதானம்” என்றார்.

“போயிட்டு வாங்கோ சாமி.” சமையல்கட்டில் இரண்டு பொட்டலம் தயிர்சாதம், மாகாளிக்கிழங்கு ஊறுகாயோடு, இலையில் கட்டியிருந்தாள்.

“அன்னதானத்துக்குப் போறவனுக்குப் பொட்டலமா? அதுவும் ரெண்டா?”

“வழியில பசிச்சா? ஒண்ணு உங்களுக்கு. இன்னொண்ணு நேக்கு. ஜெஸியோட இன்னிக்கு வெளியில போறேன்.”

ஜெஸி என்றதும் சுருக்கென்றது. கோபம் வாய் வரை வந்தது. ஆஷா மாலையைப் பார்த்தாள். “சாமி சரணம்” என்று சொல்லிவிட்டு நாகேஸ்வரன் கிளம்பினார்.

பொன்முடி! கொண்டை ஊசி வளைவுகள் ஏற ஏற, தேயிலைச் சரிவெல்லாம் மஞ்சு மூடிக் கிடந்தது. மேலே பார்த்தால் ஒரு உலகமே இறங்கியிருந்தது. கிரேன், கம்பி வடம், கீழே விழுகிறவர்களுக்கு மெத்தை. நடுராத்திரிச் சண்டையைப் பட்டப்பகலில் எடுத்தார்கள். நிலாவைக் கம்ப்யூட்டரில் பிறகு போட்டுக்கொள்வார்களாம்! நாகேஸ்வரனுக்கு ரோமச் சட்டை மாட்டினார்கள். முந்தின பாகத்து ஓநாயின் வியர்வை அதில் அப்படியே இருந்தது. சர்க்கரைப் பாகில் சாயம் கலந்த ரத்தத்தை முதுகில் பூசினார்கள். ஐந்தாவது நிமிஷம் கட்டெறும்பு வந்தது. அதுகூட அவருக்கு ஆனந்தமாகக் கடித்தது.

தூரத்தில் ஒரு நாற்காலியில் காட்டேரிப் படைத்தலைவி உட்கார்ந்திருந்தாள். சுண்ணாம்பு வெள்ளை முகம், சிவப்புக் கண், இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி. கோரைப்பல் இரண்டையும் கழற்றி ஒரு கிண்ணத்தில் வைத்துவிட்டு, இலையைப் பிரித்து எதையோ சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தார். தயிர்சாதம்! ‘சைவக் காட்டேரி. பாலக்காட்டுப் பக்கமா இருக்கும்’ என்று நினைத்துக்கொண்டார். சொந்தக்காரர் ஒருவரைப் பார்த்த சந்தோஷம் வந்தது.

“கிழட்டு ஓநாய் ரெடியா?” என்று லிங்கராஜ் கத்தினார். கேமரா முகத்துக்கு நேராக வந்து நின்றது. எத்தனை விடியலின் குளிர்ந்த தண்ணீர், குடிக்காத எத்தனை காபி, எல்லாம் இந்த ஒரு கணத்துக்காக!

“ஆக்ஷன்!”

அடிவயிற்றிலிருந்து பீறிட்டது உறுமல்.

“சாமியேஏஏஏ...!”

“சரணமய்யப்பா!” என்றது மலை முழுக்க. லைட்காரர்கள் சொன்னார்கள். கிரேன்காரர் சொன்னார். பின்வரிசை ஓநாய்கள் ரப்பர் மூஞ்சிக்குள்ளிருந்து சொன்னார்கள். லிங்கராஜ் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மறுபடி எடுத்தார்கள். மறுபடி “சாமியேஏ.” பழக்கம் விடுமா? மூன்றாம் முறை உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். மூக்கு வழியாக வந்தது சரணம். டைரக்டர் தொப்பியைக் கழற்றித் தரையில் போட்டார்.

“சேட்டா, இது சபரிமலை அல்ல, பொன்முடியாணு! லிங்கராஜே, இயாளுடே முகம் வேண்டா. திரிச்சு நிறுத்து. கழுத்து மதி. முகம் படைத்தலைவியுடேது மதி!”

இந்த ஆள் முகம் வேண்டாம், கழுத்து போதுமாம்; முகம் படைத்தலைவியுடையது போதுமாம். லிங்கராஜ் அவரைப் பிடித்துக் கேமராவுக்கு முதுகு காட்டித் திருப்பி நிறுத்தினார். வளர்த்த தாடி மலையைப் பார்த்தது. கேமரா பிடரியைப் பார்த்தது. நாகேஸ்வரனுக்கு அழுகையே வந்துவிட்டது. ஓநாய் மூக்கை உறிஞ்சியது.

“ஆக்ஷன்!”

வானத்திலிருந்து கம்பியில் சர்ரென்று இறங்கினாள் படைத்தலைவி. ஒரு கை தாடையை நிமிர்த்தியது. ஒரு கை தோளை அழுத்தியது. கோரைப்பல் கழுத்தருகே வந்தது. மாகாளிக்கிழங்கு வாசனை குப்பென்று அடித்தது.

“சாமி சரணம்” என்றது காட்டேரி, காதோரம், மெதுவாக. “அசையாதேங்கோ. நேக்கு க்ளோசப்.”

நாகேஸ்வரன் அலறிய அலறலில் தேயிலைச் சரிவில் இருந்த பறவையெல்லாம் எழும்பிப் பறந்தன. “ஓகே! கலக்கி!” என்று டைரக்டர் துள்ளினார்.

அப்புறம் ஜெஸி பஞ்சால் ஆஷாவின் முகத்துச் சாயத்தைத் துடைக்க, நாகேஸ்வரன் எதிரே ரோமச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார்.

“நீ எப்போ இதுல சேர்ந்தே?”

“உங்களுக்கு முந்தியே ஜெஸி என்னைச் சேர்த்துவிட்டாளாக்கும். தினம் சாயங்காலம் கம்பியில தொங்கிப் பழகணும்னா. ஆத்துலேர்ந்து எப்படி வெளியில வரதுன்னு நான் தவிச்சிண்டிருக்கேன், நீங்களே மாலையும் கழுத்துமா வந்து நின்னேள். பழம் நழுவிப் பால்ல விழுந்தது!”

“அப்போ நான் ஓநாய்னு...”

“மேக்கப்புக்கு ஓநாய்ப் போட்டோவெல்லாம் வந்ததே, அதுல ஜெஸிதான் உங்க போட்டோ காட்டினாளே.”

“தெரிஞ்சுமா தடுக்கலை?”

“தடுத்திருந்தா பஜனைக்கு யார் போறது?”

ஜெஸி அந்தப் பக்கம் திரும்பி நின்று சிரித்தாள். பாதிக் காபியின் கடன் தீர்ந்தது.

“சரி, நான் மாலையைக் கழட்டிடறேன்” என்றார் நாகேஸ்வரன், நொந்து.

“கழட்டறதா! குருசாமி கையால போட்டதாக்கும். இருமுடிக்கு மாமாகிட்டே சொல்லியாச்சு. மலை ஏறி இறங்கினதுக்கு அப்புறம்தான் கழட்டறதும் சவரமும் காபியும்.”

ஏறினார். மனசார ஏறினார் என்றுதான் சொல்ல வேண்டும். பொய் சொன்னதற்குச் சன்னிதியில் மன்னிப்பும் கேட்டுக்கொண்டார். திரும்பி வந்து ஆஷா கையால் டபரா நிறையக் காபி குடித்தபோது, சினிமாவே வேண்டாம் என்று தோன்றியது.

ஆனால் படம் வெளிவந்த அன்று முதல் காட்சிக்கு முதல் ஆளாக நின்றார். தெருவே வந்திருந்தது. இடைவேளைக்குக் கொஞ்சம் முந்தி, திரை முழுக்க ஆஷா! சிவப்புக் கண்ணை ஒரு உருட்டு உருட்டினாள். தியேட்டர் கூரை பிய்ந்துகொண்டு போகிற விசில். நாகேஸ்வரனும் தன்னை மறந்து இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தார். பக்கத்தில் இருந்த கல்யாணராமன் மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

“நீங்களும் இதுல உண்டுன்னு சொன்னாளே சாமி. எங்கே, காணலையே?”

நாகேஸ்வரன் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து ஆஷா பதில் சொன்னாள்:

“நன்னாப் பாருங்கோ மாமா, என் முன்னாடி கழுத்தை நீட்டிண்டு நிக்கறாரே, அவர்தான்.”