கப்பலில் பொங்கிய பால்

சமையலறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத ஆண்களுக்கும், ஏதோ ஒரு வேலை மட்டும் தங்களைவிட யாருக்கும் சரியாக வராது என்ற நம்பிக்கை இருக்கும். எனக்கு அது காபி. என் மனைவி மல்லிகா பால் காய்ச்சுவாள், மல்லிகா ஃபில்டரில் தூள் போடுவாள், மல்லிகா வெந்நீர் ஊற்றுவாள், இறங்கிய டிகாஷனையும் மல்லிகாவே எடுத்து வைப்பாள். கடைசியில் நான் வந்து இரண்டையும் கலந்து, ஓர் ஆற்று ஆற்றி, "எப்படி நம்ம காபி?" என்பேன். கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான் நான் காபி போட்டுக்கொண்டிருந்தேன். (பாத்திரம் கழுவியது யார் என்று கேட்காதீர்கள், நல்லா இருக்கிற குடும்பத்துல எதுக்கு குழப்பம்?)

இந்தத் தலைக்கனம்தான் சில வருடங்களுக்கு முன்னால் ஒரு சொகுசுக் கப்பலில் என் மகளின் கல்யாணத்தைக் கவிழ்க்கப் பார்த்தது.

தாம்பரத்தில் வீடு, திருமுடிவாக்கத்தில் கேட்டும் கிரில்லும் செய்கிற ஒரு சின்ன பட்டறை. இவ்வளவுதான் நான். என் மகள் தீபா ஓ.எம்.ஆரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். கூட வேலை பார்த்த கார்த்திக்கைப் பிடித்துப்போய்விட்டது. பையன் தங்கம். சிக்கல் அவன் அப்பா தனசேகரன். கோவிலம்பாக்கத்துக்காரர். முப்பது வருடம் ஒரு தொழிற்சாலையில் சேஃப்டி ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். மற்றவர்கள் வீட்டில் டிவி பக்கத்தில் பூச்சாடி இருக்கும், அவர் வீட்டில் சிவப்பு நிறத் தீயணைப்பு சிலிண்டர் இருந்தது.

"ஒரு நாள் வந்து பஜ்ஜி, சொஜ்ஜி சாப்ட்டுட்டுப் போனா ஒரு ஃபேமிலியப் பத்தி என்ன சார் தெரியும்?" என்றார் அவர். "மூணு நாள் ஒண்ணா இருக்கணும். அப்பதான் ஒருத்தரோட ஒரிஜினல் குணம் வெளிய வரும்."

தீபா உடனே சென்னைத் துறைமுகத்திலிருந்து கிளம்புகிற கப்பலில் இரண்டு குடும்பத்துக்கும் டிக்கெட் போட்டுவிட்டாள்.

"ஏம்மா, ஏலகிரி போனா ஆவாதா? கப்பல் எதுக்கு?" என்று கேட்டேன்.

"நடுக்கடல்ல யாரும் கோவிச்சிகினு ஆட்டோ புடிச்சிப் போவ முடியாதுல்லப்பா" என்றாள்.

கப்பலில் ஏறியதும் தனசேகரன் என் கையைக் குலுக்கி, "எறங்கும்போது முடிவச் சொல்றேன் சார்" என்றார். பரீட்சை ஆரம்பித்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. பாடம் எது என்றுதான் புரியவில்லை.

முதல் வேலையாக எல்லோரையும் ஓர் இடத்தில் கூட்டி, ஆபத்து வந்தால் எந்த வழியாக ஓட வேண்டும், எங்கே கூட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். மற்ற பயணிகள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். தனசேகரன் மட்டும் சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார், இரண்டு சந்தேகமும் கேட்டார். நான் அந்த நேரத்தில் காபி எங்கே கிடைக்கும் என்று தேடிப் போயிருந்தேன்.

"நம்ம கூடற எடம் எதுங்க?" என்று மல்லிகா பிறகு கேட்டாள்.

"நெருப்புப் புடிச்சா பாத்துக்கலாம்" என்றேன். (வாய் சும்மா இருந்திருக்கலாம்.)

காபி கிடைத்தது. ஒரு மெஷின் பெருமூச்சு விட்டு, தட்டில் கை கழுவிய தண்ணீர் நிறத்தில் எதையோ கோப்பையில் துப்பியது. எங்கள் அறையிலோ ஒரு மின்சாரக் கெட்டில், காகிதக் குழாயில் அடைத்த காபித் தூள், பால் என்று பொய் சொல்லிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைப் பொடி. நான் கலங்கவில்லை. பெட்டியில் மல்லிகாவின் பட்டுப்புடவைகளுக்கு நடுவே பித்தளை ஃபில்டரும், தாம்பரம் மார்க்கெட்டில் என் கண் முன்னால் அரைத்த தூளும், நாலு டவரா செட்டும் பத்திரமாக இருந்தன.

ராத்திரிச் சாப்பாட்டில் தனசேகரன் மெஷின் காபியை ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தார். இதுதான் தருணம் என்று பாய்ந்தேன்.

"சார், நாளைக்கு நாலு மணிக்கு நம்ம ரூமுக்கு வாங்க. நம்ம காபிய ஒரு வாய் குடிச்சீங்கன்னா, முடிவ எறங்கற வரைக்கும் தள்ளிப் போட மாட்டீங்க."

"ரூம்ல எப்படி சார்? ஸ்டவ்வெல்லாம் அலவ் பண்ண மாட்டாங்களே?"

"அத்த நான் பாத்துக்கறேன்."

மேஜைக்கு அடியில் மல்லிகா என் காலை மிதித்தாள். பாராட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை டிபன் ஹாலில் ஃபிளாஸ்க்குடன் பால் ஜாடிக்குப் பக்கத்தில் நின்றேன். வெளிநாட்டுக்காரர்கள் ஏதோ சோளப் பொரியில் ஊற்றிச் சாப்பிட வைத்திருந்த பால். ஜாடி பாதி காலியானபோது சிப்பந்தி ஒருவர் வந்து, பால் எதற்கு என்று மரியாதையாக ஆங்கிலத்தில் கேட்டார். குழந்தைக்கு என்றேன். என்ன வயது என்று கேட்டார். பதற்றத்தில் தீபாவின் வயதே வாயில் வந்துவிட்டது: "ட்வென்டி சிக்ஸ்." அவர் ஜாடியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

சரியாக நாலு மணிக்குத் தனசேகரனும் அவர் மனைவி சுகுணாவும் வந்தார்கள். பிள்ளைகள் இரண்டும் மேல்தளத்தில் நீச்சல் குளத்தருகே இருந்தன. டிகாஷன் தயாராக இருந்தது (தயாரித்தது யார் என்று தெரியும்). நான் சட்டைக் கையை மடித்துவிட்டுப் பாலைக் கெட்டிலில் கழுத்து வரைக்கும் ஊற்றினேன்.

"இன்னாங்க, தண்ணிக்கு மட்டும்னு எழுதி ஒட்டிகீதே" என்று மல்லிகா காதோரம் சொன்னாள்.

"அது காபி போடத் தெரியாதவங்களுக்கு" என்றேன்.

பால் காய்வதைப் பார்க்க வேண்டும் என்று மூடியையும் திறந்தே வைத்தேன். மூடி திறந்திருந்தால் அந்தக் கெட்டில் தானாக அணையாது என்பது எனக்குத் தெரியாது. உலகத்தில் எனக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருக்கலாம் என்பதே அன்றைக்கு எனக்குத் தெரியாது.

பால் நுரை கட்டி எழும்பியது. சுகுணாவின் முகம் மலர்ந்தது. "புது எடத்துல பால் காச்சறோம். அதுவும் நல்ல விஷயம் பேசப் போற நேரத்துல" என்றார். பால் விளிம்பைத் தொட்டதும் நான் சுவிட்ச் பக்கம் கையைக் கொண்டுபோனேன்.

"அணைக்காதீங்க!" என்று இரண்டு பெண்களும் ஒரே குரலில் கத்தினார்கள். "பொங்கட்டும்!"

கிரகப்பிரவேசத்தில் நிற்பதுபோல நாலு பேரும் கெட்டில் முன்னால் பயபக்தியோடு நின்றோம். பால் பொங்கி வழிய ஆரம்பித்தது.

"கெழக்குப் பக்கமா வழியுது?" என்று மல்லிகா கேட்டாள்.

"ஆமா, கெழக்கு எதுங்க?" என்று சுகுணா தன் கணவரைக் கேட்டார்.

தனசேகரன் போனை எடுத்துக் காம்பஸைத் திறந்தார். "இருங்க... கப்பல் திரும்பிட்டு இருக்கு... இப்ப இது வடக்கு... இல்ல இல்ல, ஜஸ்ட் எ மினிட்..."

அந்த ஒரு நிமிடத்தில் பால் எந்தத் திசைக்கும் ஓரவஞ்சனை செய்யாமல் நாலா பக்கமும் வழிந்து, கெட்டிலின் அடிப்பாகத்துக்குள் புகுந்தது. படபடவென்று ஒரு சத்தம். கருகிய வாசனை. அப்புறம் புகை. கூரையில் இருந்த அலாரம், நான் அதுவரை எந்தக் கல்யாண நாதஸ்வரத்திலும் கேட்காத உச்சத்தில் அலறியது.

இப்போது நான் செய்ததைச் சொல்லியாக வேண்டும். மனைவியின் கையைப் பிடிக்கவில்லை. முழங்கால் வலியோடு நின்ற சம்பந்தியம்மாவுக்குக் கை கொடுக்கவில்லை. பித்தளை ஃபில்டரை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினேன். எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தபோதுதான் நான் காபி தேடிப் போயிருந்தேனே. அதனால் கண்ணில் பட்ட படியெல்லாம் ஏறி, சட்டையெல்லாம் டிகாஷன் வழிய, மேல்தளத்தில் நீச்சல் குளத்துக்கு முன்னால் போய் நின்றேன். எதிரே தீபாவும் கார்த்திக்கும் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

தீபா என்னைப் பார்த்தாள், ஃபில்டரைப் பார்த்தாள், எனக்குப் பின்னால் பார்த்தாள்.

"அப்பா, அம்மா எங்க?"

என் வாழ்க்கையில் அதைவிட வெட்கப்பட்ட ஒரு நொடி கிடையாது. இந்த வரியை எழுதும்போதும் காது சூடாகிறது.

அம்மா கீழே பிளக்கைப் பிடுங்கி, ஈரத் துண்டைப் போட்டு எல்லாவற்றையும் முடித்து வைத்திருந்தாள். தனசேகரன் அந்த வராந்தாவில் இருந்த அத்தனை அறைக்காரர்களையும் வரிசையாகக் கூட்டிக்கொண்டு, கூட வேண்டிய இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார். தலைக்கவசம் போட்ட கப்பல் ஆட்கள் வந்து, தீ இல்லை, கருகிய பால்தான் என்று கண்டுபிடித்தார்கள். ஓர் அதிகாரி என்னிடம் மிக இனிமையான குரலில் பத்து நிமிடம் பேசினார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கெட்டிலையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

மிச்ச நாள் முழுவதும் தனசேகரன் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் ஹாலுக்குள் வந்தால் அவர் வெளியே போனார். தீபா அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். அவள் பேசவே இல்லை. மூன்று நாளில் ஒரிஜினல் குணம் வெளியே வரும் என்றார், எனக்கு ஒன்றரை நாளே போதுமாக இருந்தது.

துறைமுகத்தில் இறங்கிப் பெட்டிகளுக்காகக் காத்திருந்தபோது தனசேகரன் என்னிடம் வந்தார். "சார், கொஞ்சம் தனியாப் பேசணும்."

ஒரு தூணுக்குப் பின்னால் போனோம். அவர் வாயைத் திறக்கும் முன் நான் முந்திக்கொண்டேன். "சார், என் மேல கோவம்னா என்ன அடிங்க. பொண்ணு மேல காட்டாதீங்க. அவ என்ன மாரி கெடையாது. அவங்க அம்மா மாரி."

அவர் அக்கம்பக்கம் பார்த்தார்.

"முப்பது வருஷம் சார். சுவிட்ச ஆஃப் பண்ண ரெண்டு செகண்ட் லேட்டாச்சுன்னு எத்தன பேருக்கு மெமோ குடுத்திருக்கேன் தெரியுமா? கண்ணு முன்னாடி பால் கரண்ட்ல வழியுது. நான் காம்பஸ் பாத்துட்டு நிக்கிறேன்."

நான் அவரையே பார்த்தேன். அந்த மனிதர் கோபமாக இருக்கவில்லை. என்னைப்போலவே கூனிக்குறுகிப் போயிருந்தார்.

"கார்த்திக்குக்குத் தெரியக் கூடாது சார். சின்ன வயசுலேர்ந்து சேஃப்டி சேஃப்டின்னு அவன் உயிர எடுத்திருக்கேன். நான் ரூமுக்கு வந்தப்பவே பால் பொங்கிடுச்சு. சரியா?"

"வந்தப்பவே பொங்கிடுச்சு சார்" என்றேன்.

"அப்ப தை மாசமே வெச்சுக்கலாம், சம்பந்தி."

அன்றிலிருந்து முழுப் பழியும் என் தலையில். மல்லிகாவும் சுகுணாவும்கூட வாயைத் திறக்கவில்லை, கிழக்கைக் கேட்டதே அவர்கள்தானே. கல்யாணத்திலேயே மாப்பிள்ளையின் நண்பர்கள் பந்தியில் காபி வந்ததும் "எல்லாரும் கூடற எடத்துக்கு ஓடுங்க" என்று கத்தினார்கள். இப்போதும் எந்த வீட்டிலாவது நான் அடுப்புப் பக்கம் போனால் அந்த வீட்டுப் பிள்ளைகள் வரிசையாகப் பால்கனிக்குப் போய் நிற்கும்.

போன வருடம் தீபாவும் கார்த்திக்கும் மேடவாக்கத்தில் புது ஃபிளாட் வாங்கினார்கள். பால் காய்ச்சும் நாளன்று, அடுப்புக்குப் பக்கத்தில் சம்பந்தி கொண்டுவந்த தீயணைப்பு சிலிண்டர், மஞ்சள் பூசி குங்குமப் பொட்டோடு நின்றது. குடும்பம் ஒருமனதாக முடிவெடுத்து, பித்தளை ஃபில்டரை என் கையில் கொடுத்து, என்னை லிஃப்ட் பக்கத்தில் நிறுத்தியது.

உள்ளே "பொங்குது, பொங்குது!" என்று சத்தம். கதவு மெதுவாகத் திறந்து சம்பந்தி தலையை நீட்டினார்.

"சம்பந்தி, கெழக்கு எந்தப் பக்கம்?"

"போன்ல பாக்கலாமே?"

"அத அன்னிக்கே டெலீட் பண்ணிட்டேன்."

நான் ஜன்னல் வழியே கீழே காட்டினேன். "தோ, தண்ணி லாரி நிக்கிது பாருங்க, அந்தப் பக்கம்."

அவர் உள்ளே ஓடினார். கைதட்டல் கேட்டது. அப்புறம் மல்லிகாவின் குரல்: "பால் எறக்கியாச்சு, இனிமே பயம் இல்ல. அவர உள்ள வரச் சொல்லுங்க. ஃபில்டர் அவர்கிட்டதான் கீது."