ஜிம்மிக்கு நாலு மணிப் பாடம்

“சிற்!” என்று நாயைக் குந்தச் சொன்னார் சண்முகநாதன்.

நாய் நின்றது.

“ஸ்ராண்ட்!” என்றார்.

அப்போதும் நின்றது. இரண்டாவது கட்டளைக்குக் கீழ்ப்படிந்ததாகக் கொப்பியில் குறித்துக்கொண்டார்.

“உது கீழ்ப்படியேல்லை. சும்மா நிக்குது” என்று குசினிக்குள்ளிருந்து மனைவி ஞானாம்பிகை சொன்னாள். “தீவுப்பக்கத்து நாய். அதுக்கு எங்கை இங்கிலீசு தெரியும்?”

“நாயோடை இங்கிலீசிலைதான் கதைக்கவேணும். அதுதான் முறை.”

சண்முகநாதன் இருபத்தாறு வருடமாக அரசாங்கக் கந்தோர் ஒன்றில் கிளாக்கர். எதையும் ஒன்று, இரண்டு என்று இலக்கமிட்டு எழுதாமல் செய்யமாட்டார். ஆனால் நாய் விஷயத்தில் அவருடைய முன் அனுபவம், ஒழுங்கையில் நாயைக் கண்டால் சைக்கிளைத் திருப்புவது மட்டும்தான். தீவுப்பகுதியிலிருந்து இடம்பெயர்ந்து வந்த சனம் எட்டு மாதம் அளவெட்டிப் பள்ளிக்கூடத்தில் இருந்துவிட்டு வேறிடம் போக, நாய் மட்டும் மிஞ்சியது. பள்ளிக்கூடம் மறுபடி தொடங்கியதும் அது ஒழுங்காக நாலாம் வகுப்புக்கு வந்து படுத்தது. “ஆர் உதைப் பொறுப்பெடுக்கிறியள்?” என்று தலைமை வாத்தியார் ஏரம்பு ஊர்க்கூட்டத்தில் கேட்ட அதே நேரம், பின்வரிசை வாங்கில் நித்திரையாய்க் கிடந்த சண்முகநாதன் எழும்பி, இரண்டு கையையும் உயர்த்திச் சோம்பல் முறித்தார்.

ஊரே கைதட்டியது.

‘ரைகர்’ என்று பெயர் வைக்கத்தான் அவருக்கு ஆசை. ஆனால் புலியின் பெயரைச் சொல்லி ஒழுங்கையில் நின்று “இரு!”, “படு!” என்று அதட்ட அந்த நாளில் ஆருக்குத் துணிவு? ‘ஜிம்மி’ என்று வைத்தார்.

“இஞ்சருங்கோ, அரிசி இருக்கிற சீருக்கு உதுக்கும் சேத்து உலை வைக்க ஏலாது. வாற வெள்ளிக்கிழமைக்குள்ளை ஒரு வேலை பழக்குங்கோ. இல்லாட்டி எடுத்த இடத்திலை கொண்டுபோய் விடுங்கோ” என்றாள் ஞானாம்பிகை.

சண்முகநாதனுக்கு அதை விட மனமில்லை. கனடாவிலிருக்கும் மகளுக்குக் கடிதம் எழுதும்போது நாய் அவருடைய பாதத்தில் தலையை வைத்துப் படுக்கத் தொடங்கியிருந்தது. கால் விறைத்தாலும் அவர் அசைப்பதில்லை. இதை மட்டும் கொப்பியில் எழுதவில்லை.

அன்று மத்தியானம் குண்டுபோடும் பொம்பர் விமானம் வந்தது. மூன்று பேரும் வளவு மூலையில் வெட்டியிருந்த பங்கர் குழிக்குள் இறங்கினார்கள். பயத்தில் சண்முகநாதன் வாயில் வந்ததைச் சொன்னார்: “சிற்!”

ஜிம்மி குந்தியிருந்தது.

“பாத்தீரே!”

“தலை முட்டுது. இருக்காமல் என்ன செய்யும்?” என்றாள் ஞானாம்பிகை.

அவர் கேட்கவில்லை. பங்கர்தான் இந்த நாய்க்கு ஏற்ற வகுப்பறை என்று முடிவுகட்டினார். அடுத்த நாள் கந்தோரால் வந்ததும் நாலு மணிக்குப் பாடம். பொம்பர் இல்லாத நேரத்தில் ஜிம்மி பங்கருக்குள் இறங்க மறுத்தது. ஆகவே பனங்கிழங்குப் புழுக்கொடியல் துண்டு ஒன்றைக் காட்டி, “கம்! கம்!” என்று கத்திக்கொண்டு அவரே முன்னால் ஓடிப் பாய்ந்தார். நாயும் பாய்ந்தது.

பாடம் முடிந்து தலையை நீட்டினால், ஒழுங்கையில் ஒரு காகம்கூட இல்லை. பக்கத்து வளவுப் பங்கருக்குள்ளிருந்து மார்க்கண்டுவின் தலை மெல்ல எழும்பியது.

“பொம்பர் போயிட்டுதோ, கிளாக்கர்?”

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஞானாம்பிகை வாசலில் நின்றாள்.

“போயிட்டுது” என்றார். “எங்கடை ஜிம்மிதான் முதல்லை கண்டுபிடிச்சது. நாய்க்கு நாலு கட்டை தூரத்துக்கு அங்காலையும் காது கேக்கும்.”

“அப்பிடியோ?” என்றார் மார்க்கண்டு.

அன்று ஜிம்மியின் சோற்றில் கருவாட்டுத் தலை கிடந்தது. நாய்க்கு வேலை கிடைத்துவிட்டது!

ஆனால் மறுநாளும் நாலு மணிக்கு ஒழுங்கை முழுக்கப் பங்கருக்குள் போனது. சனத்தைக் கரைச்சல்படுத்தக்கூடாது என்று சண்முகநாதன் பாடத்தைக் காலை ஆறு மணிக்கு மாற்றினார். மார்க்கண்டு பாதி சவரத்தோடு பங்கருக்குள் இறங்கினார். எதிர்வீட்டுச் சிவக்கொழுந்தின் தோசை கல்லோடு கருகியது. பாடத்தையே நிறுத்திப் பார்த்தார். நாலு மணியானதும் ஜிம்மி தானாகவே பங்கர் வாசலுக்குப் போய்ப் புழுக்கொடியல் கேட்டுக் குரைத்தது. அதன் வாயைப் பொத்த அவர் ஓடினார். சனமும் ஓடியது.

வெள்ளிக்கிழமை வந்தது. அன்று நாலு மணிக்கு மார்க்கண்டுவின் மகளைப் பார்க்க நெல்லியடியிலிருந்து மாப்பிள்ளை பகுதி வருகிறது. சண்முகநாதன் மூன்றரைக்கே ஜிம்மியைக் கிணற்றடித் தென்னையில் இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினார். கந்தோரில் கடுதாசிக் கோவை கட்டும் முடிச்சு. கோவை தானாக அவிழ்த்துக்கொண்டு ஓடாது, நாய் ஓடும். அவரும் பிடிக்க ஓடினார்.

மார்க்கண்டு வீட்டுப் பங்கர் வாசலில் மாப்பிள்ளையின் தகப்பன் இடுப்பளவில் இறுகிவிட்டார். உள்ளே நின்று இரண்டு பேர் இழுக்க, வெளியே நின்று மூன்று பேர் தள்ள, பட்டுச் சால்வை செம்மண்ணாய்ப் போனது. வானத்தில் கொக்கு ஒன்று பறந்தது.

பொழுதுபட ஒழுங்கைச் சனம் முழுக்க கிளாக்கர் வீட்டுப் படலை வாசலில் நின்றது. சண்முகநாதன் நாயைக் கயிற்றோடு கூட்டிக்கொண்டு வந்தார்.

“முதலாவது, உந்த நாள் ஒண்டிலும் பொம்பர் வரேல்லை. ரெண்டாவது, நாய்க்கு ஒண்டும் தெரியாது. நான் பழக்கின பழக்கம். மூண்டாவது, இதை வீட்டிலை வைச்சிருக்கிற ஆசையிலை நான்தான் பொய் சொன்னனான். நாளைக்குப் பள்ளிக்கூடத்திலை கொண்டுபோய் விடுறன். இனி நீங்கள் இதைப் பாத்து ஓடத் தேவையில்லை.”

ஜிம்மி அவருடைய பாதத்தில் தலையை வைத்துப் படுத்தது. ஞானாம்பிகைகூட முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சிவக்கொழுந்துதான் முன்னால் வந்தாள்.

“அந்த வாயில்லாச் சீவனை ஏன் அண்ணை துரத்துறியள்? நாயை இஞ்சை ஆர் பாத்தது? இந்த ஒழுங்கையிலை உங்களைப்போலப் பயந்த ஆள் வேறை இல்லையெண்டு, அது வாறதுக்கு முதலே ஒண்டரை வருசமா நீங்கள் ஓடுறதைப் பாத்துத்தானே நாங்கள் பங்கருக்கு ஓடுறம்!”