பவளாயியின் பதினோரு அடிச் சுரங்கம்

ஒரு காட்டில் பவளாயி என்றொரு முள்ளம்பன்றி இருந்தது. நான் பார்த்ததில்லை. அதனுடன் சேர்ந்து ஒரு பயிற்சிக்குப் போய்த் தேறாமல் திரும்பிய ஓர் உடும்பு சொல்லித்தான் எனக்குத் தெரியும். தோற்ற கோபத்தில் உடும்பு இரண்டொரு இடத்தில் காரம் கூட்டியிருக்கலாம். எந்த இடம் என்று தெரியாததால் எதையும் குறைக்காமல் எழுதுகிறேன்.

அந்தக் காட்டில் ஒரு பழைய கல்மண்டபம். அதன் பின்சுவருக்கு அடியில் பவளாயி வளை தோண்டிக் குடியிருந்தது. வளையின் கடைசியில் இரண்டு பிள்ளைகள்.

மண்டபத்தைப் பார்க்க வெளிக்காட்டு விலங்குகள் வரத் தொடங்கியதும், காட்டுப் பாரம்பரியத் துறை வழிகாட்டிகளுக்குப் பத்து நாள் பயிற்சி அறிவித்தது. பவளாயி வரிசையில் நின்று, படிவத்தை மூன்று முறை திருத்தி எழுதிக் கொடுத்தது. அதன் குடும்பத்தில் இதுவரை யாரும் படிவம் நிரப்பியதில்லை.

பயிற்சியாளர் ஒரு கொக்கு. ஒற்றைக் காலில் நின்றபடியே பாடம் நடத்தும். மூன்றாம் நாள் கையேட்டின் எட்டாம் பக்கத்தைத் திறக்கச் சொன்னது.

"இரகசியச் சுரங்கம். சிங்க ராஜா காலத்தில் அரச குடும்பம் தப்பிப்பதற்காக வெட்டப்பட்டது. நீளம் நாற்பது மைல். எல்லோரும் சொல்லுங்கள்."

"நாற்பது மைல்" என்றது வகுப்பு.

பவளாயி படத்தைப் பார்த்தது. கையைத் தூக்கியது.

"சார், இது எங்க வீடு."

"வீடா? எந்த நூற்றாண்டு?"

"போன ஐப்பசி சார். மழைக்கு முன்னாடி நான்தான் தோண்டினேன். பதினோரு அடி. படத்துல வாசல்ல தெரியுறது என் சின்ன மகளோட வால்."

வகுப்பே சிரித்தது. பின்வரிசைக் குரங்கு, "யக்கா, ராணி ஓடினப்ப உங்க சமையக்கட்டு வழியாவா ஓடிச்சு?" என்றது.

கொக்கு சிரிக்கவில்லை. "சுரங்கத்துக்குள் குடியிருந்தால் அது ஆக்கிரமிப்பு" என்று மட்டும் சொல்லிவிட்டு ஒன்பதாம் பக்கத்துக்குப் போனது.

மறுநாள் வளை வாசலில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. ஆறு நாளில் காலி செய்ய வேண்டும். வானம் அப்போதே கறுத்துக்கொண்டிருந்தது. பிள்ளைகளை வைத்துக்கொண்டு மழையில் எங்கே போவது?

பவளாயி துறை அலுவலகத்துக்கு ஓடியது. "வந்து அளந்து பாருங்க சார். பொய்யா இருந்தா நானே போயிடறேன்."

அளக்க வந்தது கீரி. டேப்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனது. பதினோராவது அடியில் மண்சுவரில் முட்டிக்கொண்டு, தூங்கிய பிள்ளைகளைத் தாண்டி வெளியே வந்தது. பவளாயிக்கு நிம்மதி. இரண்டு நாளில் அறிக்கை வந்தது.

'பதினோரு அடிக்குப் பிறகு சுரங்கம் எதிரிகளால் அடைக்கப்பட்டுள்ளது. அங்கே கூர்மையான இரண்டு அம்புகள் கிடைத்தன. அக்காலத்தவையாக இருக்கலாம்.'

அந்த இரண்டு முட்களும் இப்போது கண்ணாடிப் பெட்டியில் இருக்கின்றன.

பத்தாம் நாள் செய்முறைத் தேர்வு. காலி செய்ய வேண்டிய நாளும் அதுதான். ஒவ்வொருவரும் பயணிகளுக்கு ஓர் இடத்தை விளக்க வேண்டும். மண்டபத்தின் வயது என்னவென்று கேட்டபோது "எனக்குத் தெரியாது" என்று சொன்ன உடும்பை அங்கேயே வீட்டுக்கு அனுப்பினார்கள். பவளாயிக்குச் சீட்டில் விழுந்தது சுரங்கம்.

பவளாயி உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தது. "இது வந்து..." என்று ஆரம்பிப்பதற்குள் கூட்டத்தில் ஒரு கரடி, "உள்ளே ஒரு செல்ஃபி எடுத்துக்கிறேனே" என்று தலையை வளைக்குள் நுழைத்தது.

பிள்ளைகள் பயந்துபோய் முட்களை உதறின. கலகலவென்று சத்தம். கரடி தலையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டது.

"என்ன சத்தம் அது?"

பவளாயி நோட்டீஸைப் பார்த்தது. வானத்தைப் பார்த்தது. கரடியின் உடம்பு அகலத்தையும் பார்த்தது.

"ராணியோட சலங்கை" என்றது.

"எந்த ராணி?"

"தப்பிச்சு ஓடுறப்ப பாதி வழியில நின்னுட்டாங்களே, அந்த ராணி. ஆள் வாசனை பட்டா நடக்க ஆரம்பிச்சிருவாங்க."

"இதுக்கு முன்னாடி யாராச்சும் உள்ள போயிருக்காங்களா?"

"போனாங்க" என்றது பவளாயி. அதோடு நிறுத்திக்கொண்டது.

மான்கள் நான்கடி பின்னால் நகர்ந்தன. நகர்ந்துகொண்டே படம் எடுத்தன. அதுவரை ஒற்றைக் காலில் நின்ற கொக்கு இன்னொரு காலையும் கீழே வைத்தது.

"கையேட்டில் இது இல்லையே. எங்கே படித்தாய்?"

"வீட்டுல சார்."

"நல்ல குடும்பம்" என்று முழு மதிப்பெண் போட்டது.

அன்று மாலையே துறை கூடியது. இந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகு எந்த உயிரும் அங்கே குடியிருக்க முடியாது. ஆகவே உள்ளே யாரும் குடியிருக்கவில்லை. ஆகவே ஆக்கிரமிப்பு இல்லை. நோட்டீஸைக் கிழித்தார்கள். யாரும் உள்ளே போய்விடாதபடி வளை வாசலில் கம்பிக்கதவு போட்டார்கள். சாவியை, அடையாள அட்டை வாங்கிய வழிகாட்டியான பவளாயியிடமே கொடுத்தார்கள்.

மழை பிடித்துக்கொண்டது. பவளாயி உள்ளே போய்க் கதவைப் பூட்டிவிட்டுப் படுத்தது.

"நாளைக்கு மான் கூட்டம் பதினோரு மணிக்கு வருது. கொஞ்சம் பலமா உதறணும்" என்று பிள்ளைகளிடம் சொன்னது.

"பொய் சொல்லக் கூடாதுன்னு நீதானேம்மா சொன்னே?" என்றாள் மூத்தவள்.

"இது பொய் இல்லடி. விளக்கவுரை. தூங்கு."

நீதி: உன் வீட்டை உன்னுடையது என்று சொன்னால் காலி செய்யச் சொல்வார்கள், ராணியுடையது என்று சொன்னால் கதவு போட்டுத் தருவார்கள்.

உடும்பின் பேச்சை மட்டும் நம்பி எழுத மனம் வராமல், துறை அலுவலகத்தில் கேட்டு, அடுத்த பயிற்சிக்கு வந்த விண்ணப்பங்களைப் பார்த்தேன். மொத்தம் முப்பத்தொன்று. இருபத்தொன்பது பேர் வளையில் குடியிருப்பவர்கள். மற்ற இரண்டும் மரப்பொந்தில் இருக்கும் ஆந்தைகள். முகவரிக் கட்டத்தில் இரண்டுமே 'காவற்கோபுரம், மேல்தளம்' என்று எழுதியிருந்தன.