செருப்பால் பயனில்லை

'முதலில் நிரூபிப்போம், மீதியை அப்புறம் பார்ப்போம்' என்றொரு மனித இனம் உண்டு. குடை மழையைத் தடுக்குமா என்று ஓராண்டு ஆராய்வார்கள். அதை யாராவது விரித்தார்களா என்று மட்டும் கேட்க மாட்டார்கள்.

செஞ்சிக்கு வந்த டாக்டர் பார்த்திபன் இந்த இனத்தில் அசல். சர்க்கரை நோயில் மரத்துப்போன பாதங்களைப் புண் வராமல் காக்கும் மெத்தென்ற செருப்பை நூற்றிருபது பேருக்குக் கொடுத்து, மாதந்தோறும் பாதத்தைப் படம் பிடித்து, புண்ணை மில்லிமீட்டரில் அளந்து, அன்றைய வெயில் உட்பட எல்லாவற்றையும் முப்பத்தொரு பக்கப் படிவத்தில் குறித்தார். காலில் செருப்பு இருந்ததா? அதற்குக் கட்டமே இல்லை.

வீடு வீடாகப் போன செவிலியர் கலைவாணிக்கு இரண்டாம் வாரமே விஷயம் தெரிந்துவிட்டது. கடைத்தெரு மளிகைக்காரர் தனகோட்டி செருப்பை அட்டைப்பெட்டியோடு அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார். தொழுநோயாளிகளுக்குக் கொடுக்கும் செருப்பு மாதிரியே இருக்கிறதாம். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? "அதுவும் இல்லாம, கல்லாவுல லட்சுமி இருக்குது. செருப்போட எப்பிடிம்மா குந்துறது?" என்றார். பக்கத்து ஊர் மேல்சித்தாமூர் வரை வீட்டுக்கு வீடு இதே கதைதான்.

கலைவாணி டாக்டரிடம் போனாள். "சார், போட்டாங்களா, போடலன்னா ஏன்னு ரெண்டு கேள்வி சேத்துக்கலாம் சார். புண்ணையும் பாக்கலாம், ஜனங்ககிட்ட எடுபடுதான்னும் பாக்கலாம்."

"அது அடுத்த கட்டம்மா. முதல்ல செருப்பு வேலை செய்யுதான்னு பாப்போம்."

பெட்டியில் கிடக்கும் செருப்பு எப்படி வேலை செய்யும்? வாய்வரை வந்ததை விழுங்கினாள். ஒப்பந்த வேலை.

நான்காம் மாதம், புண் முற்றித் தனகோட்டியின் கால் சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். அன்று சொல்லாமல் விட்டது கலைவாணியைக் குடைந்தது. யாரையும் கேட்காமல், செருப்புக் கடை அன்புமணியிடம் சொல்லி, மேலே பழுப்புத் தோல் வார் வைத்து அவருடைய மெத்தென்ற செருப்பைக் கடைச் செருப்பு போல ஆக்கினாள். கடைக்குள் போட மட்டும், வெளிமண் படாத இன்னொரு ஜோடி. தனகோட்டி போட்டார். அவரைப் பார்த்து இன்னும் பதினெட்டு பேர் அதேபோல மாற்றிப் போட்டார்கள். ஒருவருக்கும் புதிதாகப் புண் வரவில்லை.

டாக்டர் காதுக்கு எட்டியது. விதிமுறைக்கு மாறான செருப்பு என்று அந்தப் பத்தொன்பது பேரையும் ஆய்விலிருந்து நீக்கினார். மிச்சமிருந்த நூற்றொரு பேரை வைத்து முடிவு எழுதினார்: இச்செருப்பால் பயனில்லை. மாநாட்டில் கைதட்டல். திரும்பி வந்தவர், செருப்பு பலிக்காததற்கு வருத்தப்பட வேண்டாம் என்று கலைவாணிக்கு ஆறுதல் வேறு சொன்னார்.

சிரிக்கிறீர்களா? நல்லது. உங்கள் நைனாவுக்குக் காது கேட்கும் மிஷின் வாங்கிக் கொடுத்ததை நாலு பேரிடம் சொன்னீர்களே, அதை அவர் மாட்டிக்கொண்டு கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?