மூன்றை அழுத்தினாலும் ராஜாராம்

‘எதுவானாலும் என்னைக் கேட்டுவிட்டு’ என்றொரு மனித இனம் உண்டு. கடையில், கல்யாண வீட்டில், சமையலறை வாசலில், எங்கே நாலு பேர் சேர்ந்து ஒரு வேலை செய்கிறார்களோ அங்கே நட்டநடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அத்தனை வேலையும் தன் காது வழியாக நுழைந்து தன் வாய் வழியாக வெளியே வந்தால்தான் நடந்ததாக ஒப்புக்கொள்ளும். நல்ல ஜீவன்கள்தான். உழைப்பாளிகள். ஒருநாள் லீவு போடச் சொல்லிப் பாருங்கள், அழுதுவிடுவார்கள்.

போடிநாயக்கனூரில் இந்த இனத்துக்கு ராஜாராம் என்று பெயர். ஏலக்காய் வியாபாரம், போடிமெட்டைத் தாண்டிச் சொந்தத் தோட்டம். ஆபீசுக்கு வரும் போன்களைப் பத்து வருடமாக அமுதவள்ளிதான் எடுத்து, யாருக்கு எதுவோ அவரவரிடம் கொடுத்துவந்தாள். அதுதான் ராஜாராமை உறுத்தியது. தன் காதில் விழாமல் எத்தனை போன் போயிருக்கும்? ஆகவே இன்டர்நெட் வழியாகப் பேசும் புது போன் வந்தது, அழைப்புகளைப் பிரித்து அனுப்ப ஒரு சர்வர் வந்தது, அதை அமைத்துக் கொடுக்கத் தேனியிலிருந்து முத்துப்பிரியாவும் வந்தாள்.

“ஒண்ணை அமுக்குனா ஏலக்காய் விலை. யாருக்குப் போகணும்ணே?”

“எனக்கு. என் செல்லுக்கே வரட்டும்.”

“ரெண்டு, ஆள் ஏத்துற ஜீப்பு?”

“எனக்குத்தான்.”

“மூணு, தோட்டம். இதாவது அமுதவள்ளி அக்காவுக்கு...”

“அக்காவுக்கே போகட்டும் ஆத்தா. எனக்கு வந்துட்டுப் போகட்டும்.”

“நீங்க எடுக்கலேன்னா?”

ராஜாராம் யோசித்தார். அப்படியொரு நிலைமை அவர் கற்பனைக்கு எட்டவில்லை. “எடுக்கலேன்னா மறுபடியும் மொதல்ல இருந்து வரட்டும்.”

“சுத்திக்கிட்டே இருக்கும்ணே.”

“சுத்தட்டும். நான் எங்க போயிறப் போறேன்?”

அவள் சொன்னபடியே செய்தாள். வரவேற்புக் குரலும் ராஜாராமுடையதே. தொண்டையைச் செருமிச் செருமி, பதினோரு முறை பதிவு செய்து, “அழைத்தமைக்கு நன்றி, தங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது” என்று அவர் முழங்கியபோது, அமுதவள்ளி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அடுத்த வாரம் தோட்டத்தில் நாற்பது மூட்டை பச்சைக்காய் பறித்தார்கள். அன்றைக்கே உலர்த்தும் ஸ்டோருக்குள் போகாவிட்டால் காய் மூட்டைக்குள்ளேயே புழுங்கி நிறம் மாறிவிடும். நிறம் போனால் அந்தப் பறிப்பே போனது. அன்று பார்த்தா ஸ்டோரின் மோட்டார் புகைய வேண்டும்? பக்கத்துத் தோட்டத்து ஸ்டோர் காலியாகத்தான் இருந்தது. ஆனால் கேட்காமல் ஒரு மூட்டை நகரக்கூடாது, கேட்பதையும் ஆபீஸ் நம்பரில்தான் கேட்க வேண்டும். இது ராஜாராம் சட்டம். தோட்டத்துக் கங்காணி சுருளி, டவர் கிடைக்கும் பாறைமேல் ஏறி நின்று மூன்றை அழுத்தினான்.

ராஜாராமோ அந்தத் தோட்டத்துக்குத்தான் வந்துகொண்டிருந்தார். வழியில் மலைப்பாதையின் ஒன்பதாவது வளைவில் பாறை உருண்டு கிடக்க, ஜீப்பு மூன்று மணி நேரமாக நின்றது. செல்லை வானத்துக்குத் தூக்கிக் காட்டியபடி அவர் ரோட்டில் நடந்தார். டவர் ஒரு கோடுகூட விழவில்லை. அங்கே சுருளியின் அழைப்பு சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது.

கடைசியில் அவன் அமுதவள்ளியின் சொந்த செல்லுக்கு அடித்தான். “அக்கா, காய் வேர்க்குதுக்கா! மொதலாளி நன்றி நன்றிங்கிறாரே ஒழிய ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்கிறாரு!”

அமுதவள்ளியும் முதலாளியைக் கூப்பிட்டுப் பார்த்தாள். கிடைக்கவில்லை. இந்த ஆபீசில் அவள் இதுவரை சொந்தமாக எடுத்த முடிவு, டீயா காபியா என்பது மட்டும்தான்.

“பக்கத்து ஸ்டோருக்கு ஏத்து தம்பி, வெரசா. கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு.”

ராஜாராம் போய்ச் சேர்ந்தபோது மாலையாகிவிட்டது. களத்தில் ஒரு மூட்டையும் இல்லை.

“எங்கடா காயி?”

“பக்கத்து ஸ்டோருல காயுது மொதலாளி. அமுதவள்ளி அக்காதான் ஏத்தச் சொன்னாங்க. நெறம் கொஞ்சமும் மாறல.”

“யாரைக் கேட்டு?”

“ஒங்களத்தான் மொதலாளி. பதினாலு தடவ கேட்டேன். பதினாலு தடவயும் ‘அழைத்தமைக்கு நன்றி’ன்னீங்க.”

ராஜாராம் பக்கத்து ஸ்டோருக்குப் போய் ஒரு காயை எடுத்துப் பார்த்தார். பச்சைப் பசேலென்று இருந்தது. சந்தோஷம்தான், இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் நாற்பது மூட்டை கெட்டிருந்தால்கூட அவருக்கு இவ்வளவு வலித்திருக்காது. தான் இல்லாமலே அது பிழைத்துவிட்டதே!

மறுநாள் முத்துப்பிரியாவுக்குப் போன் போட்டார். “ஆத்தா, அவசரத்துக்குச் சுருளியும் அமுதவள்ளியும் நேராப் பேசிக்கிற மாதிரி ஒரு வழி போடு.”

“இப்பவே போட்டுர்றேண்ணே!” அவளுக்கு அப்படியொரு சந்தோஷம்.

“போடு. எனக்கு வந்துட்டுப் போகட்டும்.”

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீங்கள் இதைப் படித்த இந்த ஐந்து நிமிடத்தில், ரசம் வைக்கட்டுமா என்று வீட்டில் யாரும் உங்களை வந்து கேட்கவில்லை அல்லவா? பிறகு ஏன் எழுந்து போய் அடுப்படியை எட்டிப் பார்க்கிறீர்கள்?