மூன்றாம் பெட்டியில் நடந்தது

லைடன், 12 மார்ச் 1986, புதன்

மதிப்பிற்குரிய டாக்டர் வைனால்டா அவர்களுக்கு, எலி அறையில் கூண்டு கழுவும் ஆஃப்கே வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் மனைவியாரும் புதுச் சைக்கிளும் நலமென நம்புகிறேன். நேரில் சொல்லியிருக்கலாம், தங்களைப் பார்த்தால் எனக்குக் காலை வணக்கத்துக்கு மேல் வாய் வருவதில்லை.

சிரிப்பு வாயு என்று பெயர், ஆனால் மூன்றாம் பெட்டி எலிகள் ஒருநாளும் சிரிக்கவில்லை. ஒன்றின் முதுகில் ஒன்று மோவாயை வைத்துத் தூங்கின. நான் முதலில் கவனித்தது அதைத்தான். இரத்தப் புற்றும் வந்து, ஊசியும் போட்டு, வாயுவும் குடித்துக் கிடக்கிற பிராணிகளாயிற்றே என்று, கழுவுவதற்காக மூடியைத் திறக்கும் அரைமணியில், என் ரொட்டிக்குள் இருக்கும் ஈரல் சாசேஜில் கொஞ்சம் பிய்த்துப் போட்டேன், மறுநாளும் போட்டேன், பிறகு அவையே எழுந்து கேட்க ஆரம்பித்துவிட்டன.

அதற்குப் பிறகுதான் கஷ்டமெல்லாம். மருந்து மட்டும் பெற்ற இரண்டாம் பெட்டியிலும், மருந்தும் வாயுவும் பெற்ற மூன்றாம் பெட்டியிலும் புற்றணு ஒரே வேகத்தில் பெருகுகிறது என்று தாங்கள் முகம் வெளுத்தீர்கள். வாயு ஒழுகுகிறதென்று குழாய்க்கெல்லாம் சோப்பு நீர் தடவினோம், ரப்பர் வளையம் மாற்றினோம், நல்ல சிலிண்டரைத் திருப்பி அனுப்பினோம். காவலாளி வீபெ குழாயில் மூக்கை வைத்துச் சோதித்துவிட்டு, தேநீர் நேரம் வரை தன் தொப்பியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். ஆய்வக உதவியாளர் தீனெகா மேடம், "குழாயில ஓட்டை இல்ல டாக்டர், உங்க யோசனையிலதான் ஓட்டை" என்று முகத்துக்கு நேரே சொன்னார். நான் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

நேற்று காப்பி வேளையில், பிஸ்கட் டப்பா ஒரு சுற்று வந்து மூடியபின், நான் ஒரு கேள்வி கேட்டேன்.

"எலி தூங்குறதால புற்று எப்படிங்க அடங்கும்?"

"அட, இதுக்குப் பேச வருது!" என்றார் வீபெ.

"தூக்கத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்லம்மா," என்றீர்கள். "அந்த வாயு உடம்புல இருக்குற பி12 சத்தைப் பூட்டிடும். அது இல்லாம புற்றணு பெருக முடியாமத் திணறும். அந்த நேரம் பாத்து மருந்து அடிக்கணும்."

"அந்தச் சத்து எதுலங்க இருக்கும்?"

"ஈரல்ல கொட்டிக் கெடக்கும்."

பிஸ்கட் தொண்டையில் நின்றது. தீனெகா மேடம் முதுகில் அறைந்து, "கிடைக்கிறதே ஒண்ணு, அதையும் முழுங்கத் தெரியல" என்றார்.

வெள்ளிக்கிழமை அறிக்கையில் 'வாயுவால் பயனில்லை' என்று எழுதி ஆராய்ச்சியை மூடப்போகிறீர்கள். அப்படி எழுதாதீர்கள். வாயு தன் வேலையைச் செய்திருக்கலாம். நான் செய்ததுதான் தப்பு. திங்கள் முதல் வரமாட்டேன். ரப்பர் பூட்ஸைக் கழுவி வைத்திருக்கிறேன். ஒன்று மட்டும் தெரிந்துகொள்ள ஆசை: வாயு பூட்டப் பூட்ட ஈரல் திறந்துவிட்டால், கடைசியில் எது ஜெயிக்கும்?

தங்கள் எலிகளுக்கும் ஆராய்ச்சிக்கும் நல்ல காலம் பிறக்கட்டும்.

தாழ்மையுடன்,
ஆஃப்கே

பின்குறிப்பு: இதை மேசையில் வைக்க வந்தால் தாங்கள் உள்ளேயே இருந்துவிட்டீர்கள். எல்லாவற்றையும் வாயாலேயே சொல்லும்படி ஆகிவிட்டது. "போறேங்கிற கதையெல்லாம் அப்புறம். தினம் எவ்வளவு போட்டே?" என்றீர்கள். கட்டைவிரலைக் காட்டினேன். "விரல் கணக்கை எவனும் நம்பமாட்டான். அறிக்கை கிடக்கட்டும், நாலாவதா ஒரு பெட்டி வைப்போம், அதுக்கு மட்டும் ஈரல். எனக்கு அளவு வேணும்." ஆகவே மேலே உள்ள எதையும் படிக்க வேண்டாம், நாலு தாளைக் கிழிக்க மனம் வரவில்லை, அதனால் வைத்திருக்கிறேன். தாங்கள் கேட்ட அளவுக்காகத் தராசைத் துடைத்து, என் ரொட்டியைப் பிரித்து, உள்ளே இருந்ததை எடுத்து நிறுத்தேன். பதினோரு கிராம்.