இறுக மறுத்த சிமெண்ட்

கூட்டத்தில் இருந்தவர்கள் நால்வர். நீள மேசையின் தலைமாட்டில், மின்விசிறிக்கு நேர்கீழே, இயக்குநர் அம்மாள். அவருக்கு வலப்பக்கம் செல்லக்கா. பற்கூழ் செல்களைக் கண்ணாடித் தட்டுகளில் வளர்த்துப் பராமரிப்பவர் என்பதால் அப்படி ஒரு பெயர். இடப்பக்கம் ஊசியண்ணன். சிமெண்ட் இறுகிவிட்டதா என்று அதன்மேல் ஊசியை நிறுத்திப் பார்ப்பவர். கதவோரம், கூப்பிட்டால் எழுந்துகொள்ளத் தோதாக, நாற்காலியின் நுனியில் கலவை. சிமெண்டைக் கலப்பது அவன் வேலை. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

மேசை நடுவே ஒரு கிண்ணம். அதில் நேற்றுக் கலந்து வைத்த பல் சிமெண்ட். ஊசியண்ணன் ஊசியை அதன்மேல் வைத்துக் கையை எடுத்தார். ஊசி நேரே இறங்கி, கிண்ணத்தின் அடியில் டங்கென்று தட்டியது.

"இறங்குதா?" என்றார் இயக்குநர்.

"போய்ச் சேர்ந்தே போச்சு மேடம்."

சொத்தையைக் குடையும்போது பல்லுக்குள் இருக்கும் உயிருள்ள கூழ் வெளியே தெரிந்துவிட்டால், அதை மூடுவதற்கான சிமெண்ட் இது. இறுகவும் வேண்டும், கூழைக் கொல்லவும் கூடாது. இறுகுகிறவை கொல்லும், கொல்லாதவை இறுகாது. இந்தத் தகராறைத் தீர்த்துவைக்கத்தான் ஒரு நிறுவனம் இந்த ஆய்வகத்துக்குப் படியளந்துகொண்டிருந்தது.

"செல்லெல்லாம் எப்படி இருக்கு?"

"என் பிள்ளைங்களா? மெத்தை விரிச்சுப் படுக்க வெச்ச மாதிரி கிடக்குதுங்க," என்றார் செல்லக்கா. "இப்படி ஒரு சாதுவான சிமெண்ட்ட நான் பார்த்ததே இல்ல."

இயக்குநரின் முகம் தெளிந்தது. "அப்போ அடிப்படை தங்கம். இறுகறதுக்கு மட்டும் ஏதாவது சேர்மானம் போடு கலவை. வெள்ளிக்கிழமை கம்பெனிக்கு லெட்டர் போகணும். போகலைன்னா திட்டத்த மூடிடுவாங்க."

திட்டத்தை மூடினால் கலவையின் வேலையும் அதற்குள்ளேயே மூடப்படும். அதற்கப்புறம் அவனுக்கு இருந்த ஒரே இடம் மாமனாரின் டைல்ஸ் கடை. மாமனார் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இப்போதே போட்டுவைத்திருந்தார். "இங்கயும் சிமெண்ட்தான் மாப்பிள்ளை. மூட்டை கொஞ்சம் பெருசு, அவ்வளவுதான்," என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வார்.

அவன் முதலில் போட்டது இறுக்கத்தை விரைவுபடுத்தும் உப்பு. மறுநாள் காலை பார்த்தால், உப்பு காற்றிலிருந்த ஈரத்தையெல்லாம் குடித்து, சிமெண்ட் கிண்ணத்தை விட்டு வழிந்து, வருகைப் பதிவேட்டின்மேல் படர்ந்திருந்தது.

"என் பிள்ளைங்கள கருவாடு ஆக்கிட்டியேடா," என்றார் செல்லக்கா.

வழிகிறதே என்று கெட்டிப்படுத்தும் பிசினைச் சேர்த்தான். வழியவில்லை. ஊசியண்ணன் ஊசியை நிறுத்தினார். ஊசி இறங்கியது, யோசித்தது, மறுபடி மேலே வந்தது.

"இது என்ன கணக்கு?" என்றான் கலவை.

"இறுகவும் இல்ல, இறுகாமலும் இல்ல. உங்க வீட்டு சோபா மாதிரி இருக்கு தம்பி."

மாதிரிப் பல்லின் குழியில் ஒரு துளி வைத்து அழுத்தினான். அது துள்ளிக் குதித்து அலமாரிக்கு அடியில் ஓடிவிட்டது. அவன் தரையில் கவிழ்ந்து படுத்துத் தேடிக்கொண்டிருந்தபோது மனைவி போனில் கூப்பிட்டாள்.

"ஏங்க, அப்பா கேக்கச் சொன்னார். நாற்காலிக்கு மெத்தை தைக்கணுமாம். இடுப்பளவு என்ன?"

"நான் வேலையில இருக்கேன்."

"அதான் எத்தன நாளைக்குன்னு அப்பா கேக்கறார்."

அன்று மத்தியானமே வெளிச்சம் பட்டால் இறுகும் செயற்கைப் பிசினைக் கையில் எடுத்தான். கொஞ்சமாகப் போட்டால் போதும் என்று குப்பியில் எழுதியிருந்தது. கலவைக்கு இருந்த அவசரத்தில் கொஞ்சம் என்பது கொஞ்சம் தாராளமாகவே விழுந்துவிட்டது. அறையின் குழல்விளக்கு வெளிச்சம் பட்டதுதான் தாமதம், கிண்ணமும் கலக்கும் கரண்டியும், இறக்கிய ஊசியும் ஒரே குடும்பமாகிவிட்டன.

ஊசியண்ணன் இழுத்துப் பார்த்தார். கிண்ணத்தோடு மேசை விரிப்பும் எழுந்து வந்தது.

"இறுகிடுச்சாண்ணே?" என்று ஆசையாகக் கேட்டான் கலவை.

"இறுகிடுச்சு. அத அளந்து சொல்லத்தான் ஊசி இல்ல."

செல்லக்கா நுண்ணோக்கியிலிருந்து தலையைத் தூக்கினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி குனிந்தார். "ஒண்ணுகூட மிஞ்சல. உன்கிட்ட இனிமே பேசறதா இல்ல," என்றார். சொன்னதுபோலவே, அதற்கப்புறம் தேவையானதை ஊசியண்ணன் மூலமாகத்தான் சொல்லியனுப்பினார்.

பிசினின் விஷத்தை முறிக்க ஒரு சேர்மானம் தேவைப்பட்டது. போட்டான். செல்கள் பிழைத்தன, சிமெண்ட் மஞ்சளானது. வெளுப்பதற்கு ஒன்று போட்டான். வெளுத்தது, தொட்டால் உதிர்ந்தது. உதிராமலிருக்க ஒன்று. எக்ஸ்ரேயில் தெரிவதற்கு ஒன்று. அதைப் போட்டதும் பல் கறுத்தது, கறுக்காமலிருக்க இன்னொன்று. கிண்ணத்தின் கொள்ளளவு மாறாததால், ஒவ்வொன்றுக்கும் இடம்விட்டு, ஜாடியிலிருந்து எடுக்கும் மூல சிமெண்ட் பொடியைக் குறைத்துக்கொண்டே வந்தான்.

பொடி குறையக் குறைய சிமெண்ட் நன்றாக இறுகியது. இது அவனுக்குச் சற்று உறுத்தியது. ஆனால் டைல்ஸ் கடை அதைவிட அதிகமாக உறுத்தியது.

வியாழக்கிழமை புது ஊசி வந்தது. ஊசியண்ணன் அதை வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். ஊசி அசையவில்லை. எடுத்துப் பார்த்தால் ஒரு புள்ளிகூடப் பதியவில்லை.

"இறங்க மாட்டேங்குது மேடம். பாறையில வெச்ச மாதிரி உக்காந்திருக்கு."

செல்லக்கா தட்டைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு ஊசியண்ணனிடம், "பிள்ளைங்க தவழ ஆரம்பிச்சிருக்குன்னு அவன்கிட்ட சொல்லுங்க," என்றார்.

வெள்ளிக்கிழமை காலை நால்வரும் அதே நாற்காலிகளில். கலவை மட்டும் இந்தத் தடவை முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான். அந்த நிறுவனம் மின்னஞ்சலை நம்பாத நிறுவனம். மையில் கையொப்பமிட்ட கடிதம் வேண்டும். இயக்குநர் சொல்லச் சொல்லக் கலவை எழுதினான்.

"எங்கள் மூல சிமெண்டின் இயல்பான சாதுத்தன்மையே இந்த வெற்றிக்கு அடித்தளம்..."

கலவையின் பேனா நின்றது. "மேடம், மூல சிமெண்ட் இப்ப ஒரு சிட்டிகைதான் இருக்கு."

"சிட்டிகைன்னா என்ன? அடித்தளம் கண்ணுக்கா தெரியும்? எழுது. 'சேர்மானங்கள் அதன் நற்குணத்தை வெளிக்கொணர்ந்தனவேயன்றி வேறில்லை. தங்கள் வல்லுநர்கள் வருகிற வாரமே நேரில் வந்து, மூல சிமெண்டைத் தங்கள் கையாலேயே சோதித்துப் பார்க்கலாம்.' அப்புறம், உன் வேலைய மூணு வருஷம் நீட்டிக்கச் சொல்லி கடைசில ஒரு வரி போட்டுக்க."

அந்த வரியைக் கலவை மற்ற வரிகளைவிடத் திருத்தமான கையெழுத்தில் எழுதினான். இயக்குநர் கையொப்பமிட்டார். கலவை கடிதத்தை மூன்றாக மடித்து உறையிலிட்டு, பசை தடவி, ஓரத்தை நகத்தால் நீவி ஒட்டி, முத்திரையும் குத்தினான். அலுவலகத் தபாலை அனுப்புவது, பொருள்களை வாங்கி வைப்பது இரண்டையும் கவனித்துக்கொள்ளும் ஸ்டோர்ஸ்காரர் வந்து உறையை வாங்கிக்கொண்டு போனார்.

கலவை நடைவழிக்கு வந்து மாமனாரைப் போனில் கூப்பிட்டான்.

"மாமா, அந்த நாற்காலிய எடுத்துடுங்க. மெத்தையும் வேண்டாம். பெரிய மூட்டையெல்லாம் நீங்களே பாத்துக்குங்க. எனக்கு ஒரு சிட்டிகை போதும், ஊரே திரும்பிப் பாக்கும்."

"சரிங்க மாப்பிள்ளை," என்றார் மாமனார், கல்யாணமான நாளிலிருந்து வைக்காத மரியாதையோடு. "வேற ஆள் ஒருத்தன் கேட்டுக்கிட்டிருந்தான். அவனையே உக்கார வெச்சிடறேன்."

கலவை போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரும்பினான். ஸ்டோர்ஸ்காரர் படியேறி வந்துகொண்டிருந்தார். தோளில் ஒரு பெட்டி.

"லெட்டர் போயிடுச்சு தம்பி, வண்டி இந்நேரம் முக்கு திரும்பியிருக்கும்," என்று பெட்டியை இறக்கி வைத்து மூச்சு வாங்கினார். "நீங்க ஆர்டர் போட்ட மூல சிமெண்ட் ஒருவழியா இன்னைக்குத்தான் வந்துச்சு, போன மாசம் தணிக்கைக்காரங்க வந்தப்ப ஜாடி காலியா தெரிய வேண்டாமேன்னு சாக்பீஸ் தூள கொட்டி வெச்சிருந்தேன், அத இப்ப குப்பையில போட்டுடலாமா?"